மஞ்சிட்டிச் சிவப்பு ஏன் நிற்கவில்லை?

கேள்வி: மதுரை திருநகரில் வசிக்கிறேன். பருத்தித் துப்பட்டாவில் சுங்குடி முடிச்சுப் போட்டு, மஞ்சிட்டி வேரைக் கொதிக்கவைத்த நீரில் உப்புச் சேர்த்து முக்கினேன். இரண்டாம் சலவையிலேயே சிவப்பு வெளிறிவிட்டது. எங்கே தவறினேன்?

பதில்: உப்பு, கடையில் வாங்கும் செயற்கைச் சாயங்களுக்கு உதவும், வேர்ச்சாயத்துக்கு அதனால் பயனில்லை. மஞ்சிட்டியின் நிறம் பருத்தியைத் தானாகப் பற்றாது. படிகாரத்திலுள்ள அலுமினியமே நிறமூன்றியாக நின்று இரண்டையும் பிணைக்கிறது. பட்டும் கம்பளியும் படிகாரத்தை எளிதில் ஏற்கும், பருத்தி ஏற்காது என்பதால், முதலில் கடுக்காயின் துவர்ப்பை இழையில் ஊறவைத்தாக வேண்டும். 1868-இல் அலிசரின் என்ற சிவப்புச் சாயப்பொருள் ஆய்வகத்தில் உருவாகும் வரை தமிழகக் கடற்கரைச் சாயக்காரர்களுக்குச் சிவப்பைத் தந்த, சாயவேர் என்னும் வேறொரு செடியின் வேரும் படிகாரத்தோடு சேர்ந்தே நின்றது.

துணி 200 கிராம் என்றால், 10 கிராம் சலவைச் சோடா கலந்த நீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து அலசுங்கள். பிறகு 40 கிராம் கடுக்காய்த் தூள் கலந்த நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, அலசாமல் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். மறுநாள் வெந்நீரில் கரைத்த 40 கிராம் படிகாரத்தில் அதேபோல ஊறட்டும். உலர்ந்தபின் லேசாக அலசுங்கள். முடிச்சை அதன் பிறகே போடுங்கள். புள்ளிகள் தூய வெள்ளையாக வராமல் சற்றே இளமஞ்சளாக வரும். எனக்கு அதுவே அழகாகப் படுகிறது.

வேர்த்தூள் 200 கிராமை முதல்நாளே நீரில் ஊறவைத்து, முடிச்சிட்ட துணியை அதில் முக்கி, மெல்லச் சூடேற்றி, 65 முதல் 70 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். நீங்கள் செய்ததுபோல் கொதிக்கவிட்டால் சிவப்பு பழுப்பை நோக்கிச் சாயும்.

தண்ணீரையும் பாருங்கள். நீரின் சுண்ணாம்புக் கடினம் இந்தச் சிவப்பை ஆழமாக்கும், ஆனால் இரும்பு கெடுத்துவிடும். ஒரு டம்ளர் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஒரு சிட்டிகை கடுக்காய்த் தூளைப் போட்டு, நீர் கருநீலமாகவோ சாம்பலாகவோ மாறினால் மழைநீரைப் பயன்படுத்துங்கள். அதே காரணத்தால் இரும்புச் சட்டி கூடாது, எவர்சில்வர் போதும்.

வெளிறிய துப்பட்டாவை எறிய வேண்டாம். முடிச்சுகளை அவிழ்த்துவிட்டு, சோடாவில் வேகவைப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பின்னர் துவைக்கும்போது பூந்திக்கொட்டை நீரே போதும்.