கச்சேரிக்குப் போகும் கருவிகளைக் காப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி (வீணை மாணவி): சித்திரை மாதத்தில் ஒரு கோயில் திருவிழாவுக்கு வீணையைக் காரில் எடுத்துச் சென்றேன். வீட்டில் சரியாக இருந்த மேல்ஸ்தாயி மெட்டுகள் (உயர்ந்த சுரங்களுக்காகத் தந்தியை அழுத்தும் குறுக்குக் கம்பிகள்) மேடையில் சுருதி சேரவில்லை. என்ன காரணம்?

பதில்: கார் எங்காவது வெயிலில் நின்றிருந்தால், காரணம் பெரும்பாலும் அதுவே. தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் நேரே பதிக்கப்பட்டவை அல்ல. தேன்மெழுகுடன் கரித்தூள் முதலியவற்றைச் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மெழுகின் மேல் அமர்ந்திருப்பவை. கதவு அடைத்த காரின் வெப்பத்தில் அந்த மெழுகு இளகிவிடும். இளகிய நிலையில் வீணையை எடுத்து வாசித்தால், விரலின் அழுத்தத்தாலேயே மெட்டு அமிழவோ சாயவோ கூடும். மேல்ஸ்தாயியில் மெட்டுகளுக்கு இடையே உள்ள தூரம் மிகக் குறைவு என்பதால், சிறிய நகர்வும் அங்கேதான் முதலில் காதுக்குத் தெரியும்.

ஆகவே மேடைக்கு வந்ததும் வாசித்துப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொண்டு, வீணையை நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைத்து, மெழுகு மீண்டும் இறுகும்வரை காத்திருங்கள். மெட்டு நகர்ந்தே விட்டது என்றால் மெழுகுவத்தியைக் காட்டி நீங்களே சரிசெய்ய முயல வேண்டாம். மேளம் கட்டுவது, அதாவது மெட்டுகளைச் சுருதிக்கேற்ப மெழுகில் பதிப்பது, காது தேர்ந்த கைவினைஞரின் வேலை. பயணத்தின்போது தண்டில் பொருத்தியிருக்கும் சுரைக்காயைக் கழற்றித் தனியே பொதிந்து வையுங்கள். தந்திகளைச் சற்றே தளர்த்தினால் போதும். முழுவதும் தளர்த்தினால், தந்திகளின் அழுத்தத்தால் நிற்கும் குதிரை (தந்திகளைத் தாங்கும் கட்டை) இடம் பெயர்ந்துவிடும்.

கேள்வி (மிருதங்கக் கலைஞர்): குளிரூட்டப்பட்ட அரங்குகளில் தனியாவர்த்தனத்துக்குள் (தாளக் கருவி மட்டும் தனியே வாசிக்கும் பகுதிக்குள்) வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) சுருதி ஏறிவிடுகிறது. அடித்து அடித்துச் சேர்ப்பதில் தோல் கெடுமா?

பதில்: கெடும். குளிரூட்டி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடுவதால் தோல் உலர்ந்து இறுகுகிறது; அதை இழுத்துக் கட்டும் வாரும் தோல்தான், எனவே அதுவும் சேர்ந்து இறுகுகிறது. கச்சேரி முடிந்து சென்னையின் ஈரக்காற்றுக்குள் வந்ததும் இரண்டும் தளர்கின்றன. மார்கழி முழுவதும் நாள்தோறும் இப்படி இழுபட்டால், விளிம்பில் சுருதி சேர்க்கும் அடி ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருக்கும். தோல் கிழிவதும் அங்கேதான். அரை மணி நேரமாவது முன்னதாகச் சென்று, உறையை நீக்கி, மிருதங்கத்தை மேடைக் காற்றிலேயே இருக்க விட்டு, அதன் பிறகு சுருதி சேர்ப்பது நல்லது. மின்விசிறிக்கும் மேடை விளக்குக்கும் நேரெதிரே வைக்க வேண்டாம். வேறு சுருதிப் பாடகருக்கு அதே மிருதங்கத்தை வலிந்து ஏற்றுவதைவிட, இரண்டாவது மிருதங்கம் ஒன்றைக் கொண்டுசெல்வதையே நான் வற்புறுத்துவேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாராட்டுகளைக் கேட்டுக்கொண்டிருக்கையில் தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) பூசிய ரவை காய்ந்துவிடுகிறது. காய்ந்த ரவையைச் சுரண்டினால் தோலும் சேர்ந்து உரியும். அப்படியே விட்டால் பூச்சி வரும். வாசித்து முடித்ததும், அது ஈரமாக இருக்கும்போதே வழித்தெடுத்து, இலேசாக நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். வலந்தலையின் கரணையில் (நடுவிலுள்ள கறுப்புப் பூச்சில்) தெரியும் மெல்லிய வெடிப்புகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவை நாதத்துக்கு வேண்டியவை.

கேள்வி: வயலினின் பக்கவாட்டில் பலகை சிறிது விட்டுப்போயிருக்கிறது. அடுத்த வாரம் கச்சேரி. கடையில் கிடைக்கும் பசையால் ஒட்டலாமா?

பதில்: கூடாது. மரபான வயலின்களை விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையால் ஒட்டுவதற்குக் காரணம் உண்டு: பருவம் மாறி மரம் சுருங்கும்போது பலகை பிளப்பதற்குப் பதில் ஒட்டு விட்டுக்கொடுக்க வேண்டும். வன்மையான பசை இட்டால் அடுத்த முறை பலகையே பிளக்கும். அதே தோல் பசையால் ஒட்டக்கூடிய பழுதுபார்ப்பவரிடம் உடனே காட்டுங்கள். அதுவரை வேறு வயலினில் வாசியுங்கள்.

கேள்வி: நாகஸ்வரத்துக்கு என்ன கவனம் வேண்டும்?

பதில்: குழலைவிட, வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளியே மென்மையானது. நனைந்த சீவாளியை மூடிய பெட்டியில் அடைக்காமல், நிழலில் உலரவிட்ட பிறகே வையுங்கள். குழலின் உட்புறத்தையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

கேள்வி (சபா நிர்வாகி): ஏற்பாட்டாளர்களாகிய நாங்கள் செய்யக்கூடியது என்ன?

பதில்: இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதே எனக்கு மகிழ்ச்சி அளிக்கிறது. வாசிக்கும்போது கருவிக்கு ஊறு நேர்வது அரிது, ஏனெனில் அது கலைஞரின் கையில் இருக்கிறது. மங்களம் முடிந்த அடுத்த சில நிமிடங்களே ஆபத்தானவை. பொன்னாடை போர்த்துவோரும் புகைப்படம் எடுப்போரும் ஒரே நேரத்தில் மேடையேறும்போது, தரையில் கிடக்கும் வயலினும், மானாமதுரையிலிருந்து வந்த கடமும், சாய்த்து வைத்த தம்புராவும் அவர்களுடைய காலடியில்தான் இருக்கின்றன. கருவிகள் உறைக்குள் போன பிறகே மரியாதை செய்வது என்று ஒரு விதி வகுத்துவிடுங்கள், அல்லது மரியாதையை மேடையின் முன்விளிம்பில் செய்யுங்கள். ஒலிவாங்கிக் கம்பிகள் கலைஞர்களுக்குப் பின்புறமாக ஓடட்டும். முன்னால் ஓடும் கம்பியில் கால் இடறினால் ஒலிவாங்கி வீணையின் மேல்தான் சாயும். திறந்த தண்ணீர்க் குவளைகளை மேடையில் வைக்க வேண்டாம். மேடைக்கு அருகில் பூட்டக்கூடிய ஓர் அறையைக் கருவிகளுக்கென்றே ஒதுக்கி, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் கலைஞர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.