கேட்டதும் சொன்னதும்: மண்பாண்டச் சிறப்புப் பகுதி

கீழடி அருங்காட்சியகத்தில் பார்த்த பானைகள் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. இரண்டு வண்ணம் பூசினார்களா?
– கல்லூரி மாணவி, திருப்புவனம்

அந்த இரண்டு நிறங்களும் வண்ணம் பூசி வந்தவை அல்ல. மண் ஒன்று, சூளை ஒன்று, காற்றுதான் இரண்டு விதம். நம் களிமண்ணில் இரும்பு கலந்திருக்கிறது. சுடும்போது காற்று தாராளமாகக் கிடைத்தால் அது செந்துருவாகிச் சிவக்கும். காற்று அடைபட்டுப் புகை சூழ்ந்தால், துருவிலுள்ள ஆக்சிஜனைப் புகை பிடுங்கிக்கொள்ளும், மண் கறுக்கும். போதாக்குறைக்குக் கரியும் நுண்துளைகளில் படியும்.

பானையைக் கவிழ்த்துச் சுட்டிருக்கிறார்கள் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். உள்ளே வைக்கோல், உமி, இலைதழை திணித்து, விளிம்பைச் சாம்பலில் புதைத்துவிடுவது. வாய்க்கு வெளிப்புறமும் கொஞ்சம் கறுப்பு இறங்கியிருப்பதைக் கவனித்தீர்களா? புதைந்திருந்த எல்லை அது. விளிம்பில் சந்து விட்டால் உள்ளே பழுப்புத் திட்டு விழும். சூளை ஆறுமுன் அவசரப்பட்டு நிமிர்த்தினால் கரி எரிந்து கறுப்பு வெளிறிவிடும். உடைந்த ஓட்டின் ஓரத்தைப் பார்த்தால் கறுப்பு மேல்தோலோடு நிற்காமல் மண்ணுக்குள்ளேயே போயிருக்கும். பூச்சென்றால் அப்படி இறங்காது. (இதைச் சோதிக்க அந்தப் பக்கத்து வயலில் கிடக்கும் ஓட்டை உடைத்துவிடாதீர்கள். தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.)

கீழடியின் ஒரு மாதிரி கி.மு. 580ஐ ஒட்டியது என்று கார்பன் கணிப்பு சொல்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில் ஏதென்ஸ் குயவர்களும் இதே இரும்பை வைத்துத்தான் விளையாடினார்கள். மண்ணை நீரில் கரைத்துத் தெளியவிட்டு, மாவு போன்ற குழம்பை மட்டும் எடுத்து உருவம் வரைந்தார்கள். முதலில் காற்று விட்டுச் சுட்டால் எல்லாம் சிவப்பு. பிறகு காற்றை அடைத்துச் சுமார் 900 டிகிரிக்கு மேல் ஏற்றினால் எல்லாம் கறுப்பு. மறுபடி காற்று விட்டால், துளையுள்ள உடல் மட்டும் சிவப்புக்குத் திரும்பும்; குழம்பு பூசிய இடம் கண்ணாடிபோல இறுகிவிட்டதால் கறுப்பாகவே நின்றுவிடும். நம்மவர் இடத்தால் பிரித்ததை அவர்கள் நேரத்தால் பிரித்தார்கள். எது உசத்தி என்று கேட்காதீர்கள். விறகுச் செலவில் நம்மவர் கெட்டிக்காரர்கள்.

மானாமதுரைப் பானை போன கோடையில் ஜில்லென்று இருந்தது. இந்த வருடம் தண்ணீர் குளிரவே இல்லை. ஏன்?
– இல்லத்தரசி, ஆரப்பாளையம்

போர் தண்ணீர்தானே ஊற்றுகிறீர்கள்? அதிலுள்ள உப்பு நுண்துளைகளை அடைத்திருக்கும். வெளிப்புறம் வெள்ளை பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பானை குளிர்வது கசிவால்தான். 10 லிட்டர் பானையில் 100 மில்லி கசிந்து ஆவியானால், வெளிச்சூடு உள்ளே வராத வரை, மீதித் தண்ணீர் 5 டிகிரிக்கு மேல் குளிரும். கசிவு நின்றால் பானையும் எவர்சில்வர் குடமும் ஒன்றுதான்.

காலி செய்து, வெளிப்புறத்தைத் தேங்காய் நாரால் வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு கூடாது, துளைக்குள் தங்கிவிடும். வெள்ளை போகாவிட்டால் எலுமிச்சைத் தோலால் தேய்த்து அலசுங்கள். ஓர் இரவு நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஒரு நாள் வெயிலில் காயவிடுங்கள். தண்ணீர் நிரப்பிச் சில மணி நேரம் ஆகியும் வெளியே ஈரம் பூக்காவிட்டால் அதில் துளசி வையுங்கள், வேறு பானை வாங்குங்கள். வாங்கும்போது பெயின்ட் அடித்ததைத் தொடவே வேண்டாம். ஈர மணல்மேல், காற்றோட்டமாக வைத்தால் போதும்.

மாணவர்கள் செய்த பானைகளைச் சுட்டோம். பாதி வெடித்துவிட்டன. தப்பியவற்றில் சில மூன்று நாள் கழித்துப் பொக்குப் பொக்காகப் பெயர்கின்றன.
– ஆசிரியர், மேலூர்

இரண்டும் வேறு வேறு கோளாறு. வெடித்ததற்குக் காரணம் ஈரம். காற்றுக்குமிழி என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர்தான். நீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும், வெளியேற வழியில்லாமல் சுவரைப் பிளக்கும். ஒரு வாரமாவது நிழலில் உலர்த்துங்கள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சுவர் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். நாலு பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு சலித்த குறுமணல் சேர்த்தால் ஈரம் வெளியேற வழி கிடைக்கும். நெருப்பை முதல் இரண்டு மணி நேரம் புகைய மட்டும் விடுங்கள், பிறகுதான் வரட்டியும் விறகும்.

பெயர்வது சுண்ணாம்பால். கண்மாய் மண்ணில் கிடந்த சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்கள் சூளையில் நீறாகி, பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பி, மேலே இருக்கும் மண்ணைத் தள்ளிவிடுகின்றன. சுட்ட பிறகு வைத்தியம் கிடையாது. அடுத்த முறை மண்ணைக் கரைத்து மெல்லிய சல்லடையில் வடிகட்டுங்கள்.

நம் குயவர்கள் பீங்கான் ஏன் செய்யவில்லை?
– வாசகர், உசிலம்பட்டி

நம் செம்மண்ணை 1,300 டிகிரிக்குக் கொண்டுபோனால் பானை உருகிச் சரிந்துவிடும். பீங்கானுக்கு இரும்பு மிகக் குறைந்த வெள்ளைக் களிமண் வேண்டும், அந்தச் சூட்டைத் தாங்கும் அடைத்த சூளையும் வேண்டும். சீனாவின் ஜிங்தெஜென்னில் இரண்டும் கூடிவந்தன. ஐரோப்பாவே 1708 வாக்கில்தான் சூட்சுமத்தைப் பிடித்தது. ஜெர்மனியின் மைசன் ஆலை 1710இல் தொடங்கியது.

உலகிலேயே பழைய பானை?
– வாசகி, சோழவந்தான்

சீனாவின் ஜியாங்ஸி மாகாணத்து சியான்ரென்தொங் குகையில் கிடைத்த ஓடுகள். சுமார் 20,000 ஆண்டு பழமை. விவசாயமும் சக்கரமும் வருவதற்கு வெகுகாலம் முன்பு. வெளிப்புறத்தில் தீப்பட்ட தடம் இருப்பதால் சமைத்த பானை என்கிறார்கள்.