வாசகர் கேள்வி: குசினிப் புகையும் சாமியறையும்

கேள்வி: மீன் பொரித்தால் மணம் மேல்மாடிப் படுக்கை வரை ஏறுகிறது. அதனால் அம்மா கராஜில் காஸ் அடுப்பு வைத்துச் சமைக்கிறார். குளிருக்குக் கதவைப் பாதி மூடிவிடுகிறார். வேறு வழி உண்டா?
- வாசகி, ஸ்கார்பரோ

பதில்: அந்த அடுப்பை இன்றே நிறுத்துங்கள். அடைத்த இடத்தில் எரியும் காஸ் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். நிறமோ மணமோ இல்லாத நஞ்சு அது. வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் கதவிடுக்கால் உள்ளேயும் வரும். பாதிக் கதவு திறந்திருந்தால் போதும் என்று நம்ப வேண்டாம்.

ஊரில் குசினியைச் சற்று ஒதுக்கிக் கட்டினார்கள். புகை கூரையிடுக்கால் போய்விடும். கனடா வீடோ சூடு வெளியேறாதபடி அடைத்துக் கட்டியது, குசினியும் கூடமும் ஒரே வெளி. அம்மாவைக் குளிரில் நிறுத்துவதை விடக் குசினியைத் திருத்துவதே சரி.

அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போட்டுப் பாருங்கள். காற்று முகத்தில் அடித்தால், அது புகையைக் கரி வடிகட்டியில் வடித்துக் குசினிக்கே திருப்பி விடுகிறது. தாளிதத்துக்கு அது காணாது. வெளிச்சுவர் வழியே 6 அங்குலத் தகட்டுக் குழாய் போடச் சொல்லுங்கள். வளைவு குறைவாக இருக்கட்டும். சுருக்கம் விழுந்த நெளிகுழாய் வேண்டாம்: மடிப்பில் எண்ணெய் தங்கும், தீப்பிடித்தால் குழாய் தாங்காது. குழாயைக் கூரையடிப் பரணில் முடித்துவிடுகிறவர்களும் உண்டு. நீராவி அங்கே உறைந்து, உருகும்போது கூரைப்பலகை பூஞ்சணம் பிடிக்கும்.

பெரிய விசிறி வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். புகைபோக்கி வைத்த காஸ் வெந்நீர்த் தொட்டி இருந்தால், பலமான விசிறி அந்தப் புகையையும் வீட்டுக்குள் இழுத்துவிடும். நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் இழுக்கும் விசிறி என்றால், வெளியேறும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வரும் வழியையும் தொழிலாளரிடம் கேளுங்கள்.

பொரிக்கும்போது பின்னடுப்பைப் பாவியுங்கள். முன்னடுப்புப் புகை விசிறிக்குப் பிடிபடாமல் தப்பும். சட்டி காய 5 நிமிடம் முந்தியே விசிறியைப் போட்டு, இறக்கி 15 நிமிடம் ஓடவிடுங்கள். உலோக வலையை மாதம் ஒருமுறை சுடுநீரில் சவர்க்காரம் போட்டு ஊறவைத்துக் கழுவுங்கள்.

கேள்வி: கோட் மாட்டும் அலுமாரியைச் சாமியறை ஆக்கினோம். கற்பூரம் கொளுத்தினால் புகை அலாரம் அடிக்கிறது. கழற்றலாமா?
- வாசகர், மார்க்கம்

பதில்: கழற்றவே கூடாது. கற்பூரத்தை அலுமாரிக்கு வெளியே, கையில் பித்தளைத் தட்டோடு காட்டுங்கள். அலுமாரியின் மேல்தட்டையும் உடுப்புக் கம்பியையும் எடுத்துவிடுங்கள். சுடர் நேரே மரத்தில் படுவது அங்கேதான். விளக்கை மணல் பரப்பிய தாம்பாளத்தில் வையுங்கள். அது எரியும்வரை கதவு திறந்திருக்கட்டும், ஆளும் பக்கத்தில் இருக்கட்டும்.