இலவசமாகவே ஆலோசனை கிடைக்கும்போது, நிதி ஆலோசகருக்கு வருஷம் 20,000 ரூபாய் ஃபீஸ் கொடுப்பது வீணா?

இலவசமாகச் சொல்பவருக்கும் வருமானம் உங்கள் பணத்திலிருந்துதான் போகிறது. பில் மட்டும் வராது.

மியூச்சுவல் ஃபண்டில் ரெகுலர் பிளான் எடுத்தால், அதை விற்றுக்கொடுக்கும் விநியோகஸ்தருக்கு வருஷாவருஷம் கமிஷன் உண்டு. ஃபண்டின் செலவோடு சேர்ந்து அது உங்கள் என்.ஏ.வி.யில், அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பில், கழிந்துவிடும். 2013 ஜனவரியிலிருந்து கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரு சதவீதம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் ரூபாய் 20 வருஷத்தில், 12 சதவீதத்தில் 96 லட்சத்துச் சொச்சம் ஆகும். 11 சதவீதத்தில் 80 லட்சத்துச் சொச்சம்தான். கிட்டத்தட்ட 16 லட்சம் போய்விட்டது.

இன்ஷூரன்ஸ் கதை இன்னும் மோசம். காப்பீட்டோடு சேமிப்பும் சேர்ந்த நீண்ட கால எண்டோமென்ட் பாலிசிகளில் முதல் வருஷ பிரீமியத்தில் 35 சதவீதம் வரை கமிஷன் தரலாம் என்ற விதி பல வருஷம் நடப்பில் இருந்தது. என் சித்தப்பாவின் ரிட்டையர்மென்ட் பணம் கணக்கில் ஏறிய சில நாட்களிலேயே வங்கியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். "எஃப்.டி. மாதிரிதான் சார்" என்று சொல்லி, பத்து வருஷம் பிரீமியம் கட்டவேண்டிய பாலிசியை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். பென்ஷன் எவ்வளவு, கடன் இருக்கிறதா, சித்திக்கு மருத்துவக் காப்பீடு உண்டா? ஒன்றையும் கேட்கவில்லை.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவுசெய்த ஆலோசகர் அப்படிப் போக முடியாது. உங்கள் வரவு செலவு, ரிஸ்க் தாங்கும் திறன் எல்லாம் கேட்டுத்தான் ஆலோசனை சொல்ல வேண்டும்; எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும்; தான் ஆலோசனை சொல்லும் வாடிக்கையாளரை வைத்துக் கமிஷன் வாங்கக் கூடாது. பதிவு எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும், செபி தளத்திலேயே சரிபார்க்கலாம். முதலீட்டுப் பணத்தைத் தன் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அவர் ஆலோசகரே இல்லை, ஓடிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், நல்ல ஆலோசகர் ஃபீஸுக்குத் தரும் மதிப்பில் ஃபண்ட் தேர்வு சின்னப் பங்குதான். "இது உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்வதுதான் பெரிய வேலை. 2020 மார்ச்சில் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி இரண்டே மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தபோது, எல்லாவற்றையும் விற்கத் துடித்தவர்களைக் கையைப் பிடித்து நிறுத்தியவர்கள் பல வருஷ ஃபீஸைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், அந்த வேலையைச் செய்த விநியோகஸ்தர்களும் உண்டு. கமிஷன் வாங்குகிறவர் எல்லாம் திருடர் என்று நான் சொல்ல மாட்டேன்.

அதேபோல எல்லோருக்கும் ஆலோசகர் தேவையும் இல்லை. மாதம் 5,000 எஸ்.ஐ.பி. (மாதாமாதம் ஃபண்டில் போடும் தவணை) போடுபவர் வருஷத்துக்கு 60,000 சேர்க்கிறார். அதில் 20,000 ஃபீஸ் என்பது அநியாயம். சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஒரு இன்டெக்ஸ் ஃபண்ட், சேமிப்பு கலக்காமல் உயிருக்கு மட்டும் காப்பீடு தரும் டேர்ம் பாலிசி, மருத்துவக் காப்பீடு போதும். சொத்து, கடன், பிள்ளை படிப்பு, ஓய்வுக்காலம் என்று சிக்கல் கூடும்போது போங்கள்.

போனால் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: "நீங்கள் சொல்வதை நான் வாங்கினால், வேறு எங்கிருந்தாவது உங்களுக்குப் பணம் வருமா?" பதிலை ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். சிரித்து மழுப்பினால் கிளம்பிவிடலாம்.

ஏற்கெனவே அவசரப்பட்டு ஒரு லைஃப் பாலிசியில் கையெழுத்துப் போட்டாயிற்றா? பத்திரம் கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, அதுவரை இருந்த காப்பீட்டுக்கான சிறு தொகை இவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள்.