மாசி போடாத சம்பல்: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

கடந்த கந்தசஷ்டி விரதத்துக்காக மீன், இறைச்சி என்று மச்சத்தை நிறுத்தினேன். விரதம் முடிந்த பின்னும் அதைத் திரும்பத் தொட மனம் வரவில்லை. ஓர் உயிரைக் கொன்று உண்பது இனி எனக்கு இயலாது என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் நாக்கு கேட்பதாயில்லை. எங்கள் வீடு மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிறது. அம்மா இரவுப் புட்டுக்கு மீன் குழம்பு வைக்கும்போது அந்த வாசனையில் இருக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விடுகிறேன். எனக்காக அவர் சோயாமீற் சமைத்தார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மரக்கறி எல்லாமே சப்பென்று இருக்கிறது. பதிலுக்கு எதையாவது தேடுவது, விட்டதை நான் இன்னும் உண்மையாக விடவில்லை என்பதன் அடையாளமா? தேடலாம் என்றால் எங்கிருந்து தொடங்குவது? பாலையும் தயிரையும்கூட விடலாமா என்று யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
க.

அன்புள்ள க.,

முதற் கேள்விக்கு விடை எளிது: அடையாளம் அல்ல. கொல்வது இயலாது என்பதற்காகவே மச்சத்தை விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சுவையையும் சேர்த்து விடுவதாக நீங்கள் எவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. புலனடக்கத்துக்காக மச்சம் விலக்குகிறவருக்கு உங்கள் கேள்வி பொருந்தலாம். உங்களுக்கு அது பொருந்தாது. ஆகவே குற்றவுணர்ச்சி ஏதும் இல்லாமல் தேடுங்கள்.

மரக்கறி சப்பென்று இருப்பதாகச் சொல்வதைத்தான் நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது உங்கள் நாக்கின் பிடிவாதம் மட்டும் அன்று. நம் பகுதியில் மச்சம் விலக்குவது பெரும்பாலும் நாட்கணக்கு வைத்துச் செய்கிற காரியம். வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் கதவு திறந்ததிலிருந்து குளிர்த்தி பாடிச் சடங்கு முடியும்வரை ஊரே விலக்கும்; வெள்ளிக்கிழமை விலக்கும்; சஷ்டிக்கு ஆறு நாட்கள் விலக்கும். அந்த நாட்களில் சமைப்பவர் மீனுக்குப் பதிலாக ஒன்றைத் தேடுவதில்லை, சட்டியில் மீனையும் மாசிக் கருவாட்டையும் போடாமல் விடுகிறார், அவ்வளவுதான். சில நாட்களில் மீன் திரும்பி வரும் என்று எல்லோருக்கும் தெரியுமாதலால் எவரும் குறை சொல்வதில்லை. அந்த விரதச் சமையலையே நீங்கள் இப்போது மாதக்கணக்கில் உண்டுகொண்டிருக்கிறீர்கள். தலைமுறைகளாக மரக்கறியே உண்டுவரும் குடும்பங்களின் அடுப்படி இப்படி இருக்காது. அங்கே பருப்பும் உளுந்தும் வடகமும் வற்றலும் அந்த வெற்றிடத்தை எப்போதோ நிரப்பிவிட்டன.

நம் சமையலில் அந்த வெற்றிடத்துக்கு ஒரு பெயர் வைக்கலாம் என்றால், மாசி என்றே வைப்பேன். தேங்காய்ப்பூச் சம்பலில், கட்டைச் சம்பலில், சீனிச் சம்பலில், சில வீடுகளில் கீரைச் சுண்டலில்கூட ஒரு சிட்டிகை மாசித்தூள் போய்ச் சேருகிறது. அதை நாம் மீன் என்று எண்ணி உண்பதே இல்லை. மாசி என்பது சூரை மீனை உப்புநீரில் அவித்து, புகையூட்டி, கட்டையாகும்வரை காயவைத்தது. ஜப்பானியர் இதே சூரையை ஏறத்தாழ இதே முறையில் காயவைத்து, சீவல் சீவலாகச் செதுக்கித் தங்கள் சாறுகளுக்கு அடிப்படையாக வைக்கிறார்கள். ஆகவே நம் மாசியின் இரகசியத்தை ஆராய்ந்து கண்டுபிடித்தவர்களும் அவர்களாகவே இருந்ததில் வியப்பில்லை. 1908இல் கிக்குனே இக்கேதா என்ற வேதியியலாளர் கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்து குளூட்டமேற்று என்னும் சுவைப்பொருளைப் பிரித்தெடுத்து, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றுக்கு அப்பால் இன்னொரு சுவை உண்டென்று சொன்னார். 1913இல் அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொடாமா காய்ந்த சூரையில் அந்தச் சுவையைத் தருவது இனோசினேற்று என்று காட்டினார். பிற்பாடு அகிரா குனினாகா காய்ந்த காளானில் குவானிலேற்று அதே வேலையைச் செய்வதைக் கண்டதோடு, இவற்றில் ஒன்று குளூட்டமேற்றுடன் சேரும்போது சுவை பன்மடங்கு கூடுகிறது என்பதையும் நிறுவினார்.

உங்களுக்கு வேண்டிய செய்தி இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. மீனிடமிருந்து கிடைப்பதைக் காய்ந்த காளான் தரும். குளூட்டமேற்றைத் தக்காளியோ சோயா சோஸோ தரும். இரண்டும் ஒன்றாகப் போக வேண்டும். சிப்பிக் காளானை மெல்லிய இழைகளாகக் கிழித்து, ஒடித்தால் முறியும் பதம் வரும்வரை நல்ல வெயிலில் காயவையுங்கள். பிறகு வெறுஞ்சட்டியில் சிறுதீயில் பொன்னிறமாக வறுத்து, கொஞ்சம் உப்பும் ஒரு செத்தல் மிளகாயும் சேர்த்து உரலில் இடித்து, மூடி இறுகிய போத்தலில் போட்டு வையுங்கள்; கடற்காற்றில் இது ஒரே இரவில் ஈரம் பிடித்துவிடும். பாதித் தேங்காயின் பூவுக்கு ஒரு மேசைக்கரண்டி இந்தத் தூளும் சில துளி சோயா சோஸும் போட்டுச் சம்பல் இடியுங்கள், தேசிப்புளியைக் கடைசியில் விடுங்கள். மாசி போட்ட சம்பலைப் போலவே இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன், புகை வாசனை குறைவாகத்தான் இருக்கும். ஆனால் சப்பென்று இருக்காது.

புட்டுக்கு ஊற்றும் மீன் குழம்பின் விஷயம் வேறு. அந்த வாசனையில் எழுந்து போவதாகச் சொல்கிறீர்கள். அதில் எவ்வளவு மீனுடையது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? வெந்தயம் பொரியும் மணம், உள்ளி, கறிவேப்பிலை, வறுத்த மிளகாய்த்தூள், கொதிக்கும் பழப்புளி, இறக்கும் முன் விடுகிற தேங்காயின் முதற்பால் எல்லாம் தாவரத்தினுடையவை. மீனின் கவிச்சைக்குக் காரணமான அமீன் என்னும் சேர்மங்களை அடக்கத்தான் அதில் அத்தனை புளி சேர்க்கிறோம். ஆகவே அம்மாவிடம் அதே குழம்பை, அதே தூளில், அதே புளியில், பொரித்த கத்தரிக்காயைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கத்தரிக்காயை நேரே குழம்பில் போடாமல் பெரிய துண்டுகளாக வெட்டி எண்ணெயில் பொரித்துப் போட வேண்டும் என்பது முக்கியம். அப்போதுதான் அது குழையாமல் நின்று குழம்பைக் குடிக்கும். சொதிக்கு நான் மாங்காயையே விரும்புவேன். கருவாட்டின் உவர்ப்புக்கு ஏங்குகிற நாளில் மோர்மிளகாயும் பாகற்காய் வற்றலும் பொரித்து வைத்துக்கொள்ளுங்கள். கடற்பாசி போட்டால் மீன் வாசம் வரும் என்று யாரேனும் சொன்னால், நோன்பு காலத்தில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் காய்ச்சி உறைய வைக்கும் கடற்பாசியை வாங்கி ஏமாறாதீர்கள். அது உறைய வைக்குமே ஒழிய வாசம் தராது.

சோயாமீற்றைப் பற்றி நான் சொல்வதைக் கேட்டுவிட்டு அம்மா என்னோடு சண்டைக்கு வரக்கூடாது. எண்ணெய் எடுத்த சோயாமாவை வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிதுக்கிச் செய்வது அது; காய்ந்த நிலையில் எடையில் ஏறத்தாழ பாதி புரதம். அந்தப் புரதத்துக்காகவே அதை வாங்க வேண்டும், இறைச்சியின் சுவைக்காக அல்ல. பெட்டியின் மேல் கோழிப் படத்தைப் போட்டு உள்ளே ஒரு சுவைத்தூள் பொட்டலத்தையும் வைத்து விற்கிறவர்களுக்கு யாருடைய நாக்கின் மேல் நம்பிக்கை என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அந்தப் பொட்டலத்தை எறிந்துவிடுங்கள். உப்பிட்ட கொதிநீரில் ஊறவைத்து, கையால் இறுகப் பிழிந்து, புதுத் தண்ணீரில் அலசி மறுபடியும் பிழியுங்கள். பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டாவது பிழிதலைச் செய்வதில்லை, அந்தப் பச்சை வாடைக்கு அதுதான் காரணம். பிறகு எண்ணெயில் ஓரம் சிவக்கும்வரை வதக்கி, கறுவாவும் இரம்பையும் போட்டுப் பிரட்டலாக இறக்குங்கள். இறைச்சிக் கறியின் நாரையும் கடியையும் தேடுகிறீர்கள் என்றால் சிங்களவர் பொலொஸ் என்று சமைக்கிற பலாப்பிஞ்சு இதைவிட நூறு மடங்கு மேல், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. அதைச் சமைக்கும் நாளில் பருப்போ பயறோ கௌபியோ பக்கத்தில் இருக்கட்டும். கச்சானை வறுத்து அரைத்துக் குழம்பில் சேர்ப்பதும் நல்லது.

எல்லாவற்றுக்கும் பதில் உண்டு என்று நான் நம்பவில்லை. நண்டுக்கு இல்லை. முருங்கையிலை போட்ட நண்டுக் குழம்பின் சுவையில் பாதி, ஓட்டை உடைத்து, விரலால் தோண்டி, ஒரு மணித்தியாலம் பேசிக்கொண்டே உண்பதில் இருக்கிறது. வேறு எந்தக் காயையும் நண்டு வடிவில் வெட்டி அதைக் கொண்டுவந்துவிட முடியாது. அதை இழப்பென்றே ஒப்புக்கொண்டு வைத்துவிடுங்கள். அப்படி ஒப்புக்கொண்ட பிறகு அந்த ஏக்கம் எனக்குக் குறைந்தது. போலி நண்டைத் தேடிய காலத்தில் அது கூடிக்கொண்டேதான் போனது.

வெளியே உண்ணும்போது ஓர் எச்சரிக்கை. மரக்கறிக் கொத்துரொட்டி கேட்டாலும் சில கடைகளில் ஈரப்பதத்துக்காகக் கோழிக் குழம்பையே ஒரு கரண்டி ஊற்றிக் கொத்துவார்கள். குழம்பு வேண்டாம், அல்லது பருப்பு ஊற்றுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பேக்கரியில் மரக்கறிப் பண்டங்களோடு அடுக்கியிருக்கும் சீனிச்சம்பல் பணிசில் பெரும்பாலும் மாசி இருக்கும்.

பாலையும் தயிரையும் விடுவது பற்றி: மச்சத்தையும் பாலையும் ஒரே காலத்தில் விட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. மச்சம் இல்லாத தட்டு உங்களுக்குப் பழகட்டும். பிறகும் விட விரும்பினால், மட்டக்களப்புச் சட்டித் தயிருக்குத் தேங்காய்ப்பாலில் பதில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். எருமைப்பால் அப்படிக் கட்டியாக உறைவது அதிலுள்ள புரதம் புளிப்பில் திரள்வதாலேயே. தேங்காய்ப்பாலில் அத்தகைய புரதம் போதாது, மாச்சத்து ஏதாவது சேர்த்தே கெட்டியாக்க வேண்டும். சோயாப்பால் உறையும், பாணி ஊற்றி உண்ணும்போது ஓரளவு ஏற்கலாம். தயிரை விடுகிற அன்றிலிருந்து வைட்டமின் பி12 மாத்திரையைத் தொடங்குங்கள். மரக்கறியில் அது நம்பத்தக்க அளவில் இல்லை. உடல் முன்னரே சேமித்து வைத்திருப்பதால் குறைபாடு தெரிய வரச் சில ஆண்டுகள்கூட ஆகலாம், அதற்குள் நரம்புகளுக்குக் கேடு தொடங்கியிருக்கும். எந்த அளவில் எடுப்பது என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.