தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

கேள்வி: என் மகள் சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறாள், வயது 21. மாணவர் விவரங்கள் திருடப்பட்டுவிட்டதாகவும் கடவுச்சொல்லை மாற்றும்படியும், சேர்க்கையின்போது நான் கொடுத்திருந்த மின்னஞ்சல் முகவரிக்குப் பல்கலைக்கழகம் எழுதியிருக்கிறது. அவளுடைய ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், முதல் பட்டதாரிச் சான்றிதழ், என் கணவரின் பான், வருமானச் சான்றிதழ் என எல்லாவற்றின் நகலும் அங்கே இருக்கின்றன. அவளுடைய ஆதாரில் பதிந்திருப்பது என் கணவரின் கைப்பேசி எண். அவள் பெயரில் யாராவது கடன் வாங்கிவிடுவார்களா? தேர்வு நடப்பதால் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர்

பதில்: சகோதரி, கடன் வாங்கிவிடுவார்களா என்று கேட்கிறீர்கள். வாங்கக்கூடும். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் கடைசி வரிதான். ஒரு பெண்ணின் ஆதார் எண்ணும் பான் எண்ணும் முகம் தெரியாத யார் கையிலோ இருக்கின்றன. அது பல்கலைக்கழகத்துக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், இந்தப் பத்திரிகைக்கும் தெரிந்துவிட்டது. அவளுக்கு மட்டும் தெரியாது. இதை நீங்கள் அக்கறை என்று நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

விடுதி அறையில் படித்துக்கொண்டிருக்கும் அவளை ஒருவர் தொலைபேசியில் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய பதிவெண், தந்தையின் பெயர், முதல் பட்டதாரிச் சான்றிதழில் உள்ள தேதி, பாஸ்புக்கில் உள்ள கணக்கு எண் என ஒவ்வொன்றாகப் பிழையில்லாமல் வாசித்துவிட்டு, 'கட்டணச் சலுகைத் தொகை உன் கணக்கில் ஏற வேண்டியிருக்கிறது, இப்போது வந்த ஓடிபியைச் சொல்லும்மா' என்கிறார். கல்லூரிக்கும் வீட்டுக்கும் மட்டுமே தெரிந்த விவரங்களை ஒருவர் சொல்லும்போது அவள் எதற்காகச் சந்தேகப்பட வேண்டும்? அந்த விவரங்கள் களவு போனது தெரிந்திருந்தால் மட்டுமே அவளுக்குச் சந்தேகம் வரும். அதைத்தான் நீங்கள் அவளிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறீர்கள்.

தேர்வு முடிவதற்குள் இது ஓய்ந்துவிடும் என்ற எண்ணமும் வேண்டாம். 2023-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வெளிப்பட்ட தகவல் திருட்டில் 1989-ஆம் ஆண்டுவரை பின்னோக்கிச் செல்லும் பதிவுகள் அடங்கியிருந்தன. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், பிறந்த தேதியையும் தந்தையின் பெயரையும் மாற்ற முடியாது. உங்கள் மகள் வேலைக்குப் போய், வீட்டுக்கடன் கேட்கும் வயதிலும் இந்த விவரங்கள் பயன்படும்.

இனி செய்ய வேண்டியவை. ஆதார் இணையதளத்தில் கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டி வைக்கலாம். பூட்டிவிட்டால் கைரேகையை வைத்து வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் மோசடிக்கு வழி அடைபடும். ஓடிபி உங்கள் கணவரின் கைப்பேசிக்கு வருவதால், மகளுக்குத் தெரியாமலேயே இதை முடித்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். செய்யாதீர்கள். பூட்டியது தெரியாமல் அவள் புதிய சிம் வாங்கப் போய் நிற்கும்போது கைரேகை ஏற்கப்படாது, காரணமும் அவளுக்குப் புரியாது. ஓட்டுரிமை பெற்று மூன்று ஆண்டுகளான பெண்ணின் ஆதாரில் இன்னும் தந்தையின் எண் இருப்பதே சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. பெற்றோரின் கடமை, பிள்ளையின் காரியங்களை அவள் கையில் ஒப்படைத்துவிட்டு அவள் கேட்கும்போது பக்கத்தில் நிற்பது. அவளை ஆதார் சேவை மையத்துக்குப் போய்த் தன் எண்ணைப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

கடனைப் பொறுத்தவரை, யார் பெயரில் என்ன கடன் இருக்கிறது என்று பதிந்து வைக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒரே நாளில் நான்கையும் வாங்கிவிடாமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் ஆண்டு முழுவதும் கண்காணிக்கலாம். கேட்காத கடனோ, நீங்கள் அணுகாத கடன் நிறுவனம் உங்கள் விவரங்களைப் பார்த்ததற்கான பதிவோ இருந்தால் உடனே எழுத்துமூலம் மறுப்புத் தெரிவியுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். உங்கள் கணவரின் அறிக்கையையும் மறக்காமல் பாருங்கள். அவருடைய பான் அட்டையும் வருமானச் சான்றிதழும் அதே கோப்பில்தான் போயிருக்கின்றன. நிலையான வருமானம் உள்ளவரின் பெயரில் கடன் வாங்குவது மாணவியின் பெயரில் வாங்குவதைவிட எளிது. இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

தங்கள் பெயரில் எத்தனை சிம் இணைப்புகள் உள்ளன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் மகளும் கணவரும் பார்க்க வேண்டும். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் அளிக்கலாம். கல்லூரிக் கணக்கின் கடவுச்சொல்லை வேறெங்காவது அவள் பயன்படுத்தியிருந்தால் அங்கும் மாற்ற வேண்டும். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். பிறருடைய அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்றாண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆகவே காவல் நிலையத்தில் 'பணம் போகவில்லையே' என்று திருப்பி அனுப்பினால் போய்விடாதீர்கள்.

பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கடிதம் போக வேண்டும். தன்னுடைய எந்தெந்த ஆவணங்கள் களவு போயின, எந்த நாளில் போயின, தேசிய இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவித்தார்களா என்று கேட்டு உங்கள் மகள்தான் எழுதிக் கையொப்பமிட வேண்டும்; ஒப்புகைச் சீட்டையும் வாங்கி வைக்க வேண்டும். இத்தகைய சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் அந்த அமைப்பு ஆணை பிறப்பித்திருக்கிறது. 'கடவுச்சொல்லை மாற்றுங்கள்' என்ற ஒரே வரியோடு எந்த நிறுவனமும் கை கழுவிவிட இடம் கொடுக்கக் கூடாது.

இன்று மாலை அவளை அழையுங்கள். நாளை காலை தேர்வு இருந்தால், எழுதிவிட்டு வந்ததும் அழையுங்கள். அதற்கு மேல் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். 'உன் விவரங்கள் கல்லூரியிலிருந்து திருடு போயிருக்கின்றன, யார் எதைச் சரியாகச் சொல்லிக் கேட்டாலும் ஓடிபி சொல்லாதே, கல்லூரியின் கடிதத்தை உனக்கு அனுப்புகிறேன்' என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகும். மற்றவற்றைத் தேர்வுக்குப் பின் அவளே உட்கார்ந்து செய்துகொள்வாள்.