அமைதிப் பணிக்காக வயலை விற்க வேண்டாம்

சென்ற மாதம் அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒரு தம்பதியர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளை அழைத்துக்கொண்டு, அவளை என்ன படிக்க வைக்கலாம் என்று ஆலோசனை கேட்க என்னிடம் வந்தார்கள். நாடுகளுக்கிடையே சண்டை மூளாமல் பேசித் தீர்க்கும் வேலைக்குத்தான் போவேன் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். அப்படியானால் லண்டனில் பன்னாட்டு உறவுகள் இளங்கலையில் சேர்த்துவிடுங்கள் என்று அங்கேயே குடியிருக்கும் சித்தப்பா வாரம் தவறாமல் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கிறார். தந்தையின் மடியில் இருந்த மஞ்சள் பையில் இரண்டு ஏக்கர் நஞ்சையின் பத்திர நகல் இருந்தது. கவலைப்படாதீர்கள், வழி இருக்கிறது என்று முதலில் ஆறுதலாகத்தான் பேசினேன். பத்திரத்தை அவர் மேசைமேல் எடுத்து வைத்ததும் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ஐயா, கணக்கை முதலில் பார்ப்போம். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் லண்டனில் மூன்றாண்டு இளங்கலைக்கு ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். அந்தப் பட்டத்தோடு வெளியே வரும் இருபத்தொரு வயதுப் பெண்ணை எந்த அமைதிப் பேச்சுவார்த்தையிலும் உட்கார வைக்க மாட்டார்கள். அவளைப் போன்ற பல்லாயிரம் பட்டதாரிகள் ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சிப் பணிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறார்கள். நிலம் போய்விடும், கடன் நிற்கும், அந்தக் கடனை அடைப்பதற்காக அவள் விருப்பமில்லாத வேலையில் உட்காருவாள். சித்தப்பாவின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது அவரல்லர் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

குடிமைப் பணித் தேர்வு, சட்டப் படிப்பு ஆகியவற்றைப் பற்றி உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்வார்கள் என்பதால் அவற்றுக்குள் நான் போகவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்திய வெளியுறவுப் பணிக்குத் தேர்வாகிறவர்களுக்கே ஓர் அயல்மொழி ஒதுக்கப்படுகிறது, அதில் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்பது பணி உறுதியாவதற்கான நிபந்தனைகளுள் ஒன்று. அத்தனை கடினமான தேர்வில் வென்று வந்தவர்களையும் அகர முதல் படிக்க வைக்கும் அயல்மொழி ஒன்றை உங்கள் மகள் பதினெட்டு வயதிலேயே தொடங்கினால் என்ன?

இதை நான் வானத்திலிருந்து பிடித்துக்கொண்டு வரவில்லை. பேச்சின் நடுவே அவளுடைய கணக்குக் குறிப்பேட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கங்கள் முழுவதும் அரபு எழுத்துகள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இரண்டு கோடை விடுமுறையில் கற்றுக்கொண்டாளாம். அரபியில் ஒரே வேரிலிருந்து எத்தனை சொற்கள் கிளைக்கின்றன என்று ஓர் அட்டவணை போட்டு வைத்திருந்தாள். அது அவளுடைய பொழுதுபோக்கு என்று தாயார் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். அவளுடைய நாட்டம் எங்கே இருக்கிறது என்பதற்கு அந்தப் பக்கங்களைவிட நல்ல சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

மொழிக்கும் போருக்கும் என்ன தொடர்பு என்று தந்தை கேட்டார். 1889 மே 2 அன்று எத்தியோப்பியாவின் மன்னர் மெனெலிக்கும் இத்தாலியும் உச்சாலி என்ற ஊரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். மற்ற நாடுகளோடு பேச எத்தியோப்பியா இத்தாலியின் உதவியைப் 'பயன்படுத்திக்கொள்ளலாம்' என்ற பொருளில் அதன் 17ஆவது பிரிவு அம்ஹாரிக் மொழியில் இருந்தது. இத்தாலிய மொழியிலோ 'இத்தாலி வழியாகவே பேச வேண்டும்' என்ற பொருள் வந்தது. 'லாம்' ஒரு பக்கம், 'வேண்டும்' மறுபக்கம். அந்த ஒரு சொல்லை வைத்து எத்தியோப்பியா தன் பாதுகாப்பின் கீழ் வந்துவிட்டதாக இத்தாலி உலகுக்கு அறிவித்தது, மெனெலிக் உடன்படிக்கையையே மறுத்தார், தகராறு முற்றி 1896 மார்ச் 1 அன்று அட்வாவில் போராக வெடித்து இத்தாலியின் தோல்வியில் முடிந்தது. பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 1967 நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானத்தில், இஸ்ரேல் போரில் பிடித்த எந்தெந்தப் பகுதிகளிலிருந்து விலக வேண்டும் என்ற இடத்தில் ஆங்கிலப் பாடமும் பிரெஞ்சுப் பாடமும் 'the' போன்ற ஒரு சிறு சுட்டுச் சொல்லால் வேறுபடுகின்றன. ஆங்கிலத்தில் சில பகுதிகள் என்றும் கொள்ள இடமுண்டு. பிரெஞ்சில் எல்லாப் பகுதிகளும் என்ற பொருளே முந்தி நிற்கிறது. அந்தச் சர்ச்சை இன்றுவரை தீரவில்லை.

ஒருவர் பேசுவதை இன்னொரு மொழியில் பிசகாமல் சொல்லும் இந்த வேலை எங்கே கிடைக்கும் என்பதிலும் தெளிவு வேண்டும். ஐ.நா. கூட்டங்களில் கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்ந்து பேச்சைக் கேட்டுக்கொண்டே ஆங்கிலத்தில் சொல்பவராக வேண்டுமானால், பிரெஞ்சும் அதோடு ஸ்பானிஷ் அல்லது ரஷ்ய மொழியும் கைவர வேண்டும். அரபுக் கூண்டு பெரும்பாலும் அரபியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குரியது. ஆகவே அரபு படித்தால் நியூயார்க் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். அரபு படித்தவருக்கான வாசல் களத்தில் இருக்கிறது. 1863இல் ஜெனீவாவில் தொடங்கிய பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு, போர்க்காலச் சிறைகளுக்குச் சென்று கைதிகளைக் காவலர் உடனில்லாமல் தனியே சந்தித்துப் பேசுகிறது. அந்த அறையில் கைதி, குழுவின் பிரதிநிதி, மொழிபெயர்ப்பவர் ஆகியோர் மட்டுமே இருப்பார்கள். மொழிபெயர்ப்பவர் அந்நாட்டவராக இருந்தால் கைதி வாய் திறக்க அஞ்சுவார், பேசியவற்றைக் கேட்டுச் சொல்லும்படி மொழிபெயர்ப்பவரின் குடும்பத்துக்கும் நெருக்கடி வரலாம். அதனால் வெளிநாட்டவரைத் தேடுகிறார்கள். அரபியும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்த, எந்தத் தரப்பையும் சேராத ஓர் இந்தியப் பெண்ணுக்கு அங்கே என்ன மதிப்பு இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். சிறையில் அடி விழவில்லை, தூங்க விடவில்லை என்று கைதி சொல்வதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தர வேண்டும். அந்தப் பதிவை வைத்துத்தான் குழு அதிகாரிகளிடம் பேசப்போகிறது.

படிக்கும் இடங்களுக்கு வருகிறேன். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அரபு இளங்கலை உண்டு. சேர்க்கை பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. ஆண்டுக் கல்விக் கட்டணம் சில நூறு ரூபாய்தான், விடுதியும் உணவும் தனி. ஹைதராபாத்தில் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அவ்வளவு தூரம் அனுப்ப மனமில்லையென்றால் திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் தொடங்கி, முதுகலையைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபு, பாரசீக, உருதுத் துறையில் தொடரலாம். களப்பணி வாய்க்காமலே போனாலும் ஹைதராபாத், பெங்களூரு நிறுவனங்களில் மொழிப் பணியால் பிழைத்துக்கொள்ளலாம். லண்டன் பட்டம் அந்த உறுதியைத் தராது.

வெளிநாட்டுப் படிப்பு பின்னால் வரட்டும், அதுவும் பிறர் செலவில். பட்டம் முடித்து மூன்றாண்டு பணி அனுபவம் பெற்றவர்களுக்கு ரோட்டரி அமைதி உதவித்தொகை உண்டு. ஸ்வீடனின் உப்சாலா, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு போன்ற பல்கலைக்கழகங்களில் அமைதி ஆய்வுகளில் முதுகலை படிக்கக் கட்டணம், தங்குமிடம், பயணம் அனைத்தையும் அதுவே ஏற்கிறது. ஆனால் ரோட்டரி சங்க உறுப்பினர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விண்ணப்பிக்க முடியாது. உங்கள் ஊர்ச் சங்கத்தில் சேரச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்துவதாகச் சொன்னீர்களே, அதற்கு இப்போதைக்குப் பிடி கொடுக்காதீர்கள்.

குண்டு விழும் ஊருக்கு வயசுப் பெண்ணை அனுப்பச் சொல்கிறீர்களா என்று கடைசியில் தாயார் கேட்டார். அம்மா, அந்த முடிவை இன்றைக்கு எடுக்க வேண்டியதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, படிப்பு முடித்து, ஊதியமும் காப்பீடும் பாதுகாப்பு ஏற்பாடும் எழுதிய ஒப்பந்தம் கைக்கு வரும்போது, உங்கள் மகளே எடுப்பாள். இன்றைக்கு முடிவாக வேண்டியது நுழைவுத் தேர்வு விண்ணப்பம் மட்டுமே. தேர்வு வரை பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் தினமும் ஒரு மணி நேரம் உட்காரட்டும். பாட்டி ஓதக் கற்றவரே தவிரப் பேசக் கற்றவரில்லை என்று மகள் சொன்னாள். உச்சரிப்பு அவரிடம் திருந்தட்டும், பேச்சைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிப் பத்திர நகலை மஞ்சள் பைக்குள் வைத்துக் கொடுத்தேன்.